தணிகாசலம் சார் பார்த்த இரட்டைக்குழல்

கள்ளிக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது தணிகாசலம் சாருடைய மகன் போன் செய்தார். "அப்பா காலைல தவறிட்டாருங்க ஆன்ட்டி." ஐயோ பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. என் மகளிடம் நேரில் வந்து ஒரு விஷயத்தைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தவர், சொல்லாமலே போய்விட்டார்.

பழைய துப்பாக்கிகளை ஆராயும் நண்பர்கள் அவருக்காக நினைவு மலர் போடுகிறீர்கள். என்னையும் எழுதச் சொன்னீர்கள். உங்களுக்கு அவர் கூட்டாளி. நான் அவர் துப்பாக்கி பார்க்க வந்த வீட்டுக்காரி. அந்த வித்தியாசம் இதில் தெரியும்.

அவரே வாய் ஓயாமல் சொன்ன பூந்தமல்லி பாய் கதை உங்களுக்கு மறந்திருக்காது. தாத்தாவுக்கு நவாப் பரிசளித்த லண்டன் துப்பாக்கி என்று அந்தக் குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்க, இவர் குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தார். பெல்ஜியம் முத்திரை. "நவாபு குடுத்துருக்கலாம் பாய். ஆனா ரெண்டாந்தர சரக்கைத்தான் குடுத்துகிறாரு" என்றார். பெரியவர் முகம் செத்துப்போனது. இவர் அவர்கள் வீட்டுப் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் எழுந்தாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

என் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. என் மாமனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி என் கணவர் மூர்த்தியிடம் இருந்தது. தன் தம்பி அதில் ஏதோ கைவைத்துவிட்டான் என்று என் நாத்தனாருக்கு எப்போதும் சந்தேகம். ஒரு பொங்கலன்று அந்தப் பேச்சு முற்றி, மூர்த்தி எங்கள் மகள் கவிதாவின் தலைமேல் கைவைத்து, "அப்பா பொருளை நான் மாத்தல, விக்கல" என்று சத்தியம் செய்தார். அவர் இறந்து காரியம் முடிந்ததும், லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததால் துப்பாக்கியை ஆயுதக் கடையில் ஒப்படைக்க வேண்டியிருந்தது; அதற்குள் நாத்தனார் தணிகாசலம் சாரை அழைத்து வந்தாள்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். கவிதா டார்ச் பிடித்தாள். அவர் குழலைத் திருப்பினார். "பாடியில ஒரு நம்பரு, பேரல்ல வேற நம்பரு கீது. இது அசலு பேரல் இல்ல. திருகாணில கீறலு புதுசு. கிட்டத்துலதான் மாத்திகிறாங்க."

"பாத்தியா, நான் அப்பவே சொல்லல?" என்றாள் நாத்தனார். கவிதா டார்ச்சை அணைத்துவிட்டு, "அப்போ என் தலைமேல பண்ண சத்தியம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அன்றிலிருந்து அவள் அப்பாவின் திதிக்கு வருவதில்லை.

ஆத்திரம் தாங்காமல் திருமுல்லைவாயிலில் அவர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா? "தனியா சொன்னா அழுவீங்க. நான் மசிஞ்சிடுவேன். அதான் நாலு பேர் முன்னாடி சொல்லிடறது" என்றார். குரலில் ஒரு பெருமை வேறு.

போன வருடம் அவரே என்னைத் தேடி வந்தார். முத்தாபுதுப்பேட்டையில் என் நாத்தனார் வீட்டுச் சுவரில் ஒரு பழைய புகைப்படம் பார்த்தாராம். போனில் படம் பிடித்து வந்திருந்தார். மாமனார் மடியில் துப்பாக்கி. குழலின் அடியில் வார் மாட்டுவதற்குப் பற்றவைத்த வளையம். எங்கள் துப்பாக்கியில் இருக்கும் அதே வளையம். பக்கத்தில் அரைக்கால் சட்டையோடு மூர்த்தி நிற்கிறார். மூர்த்தி சிறுவனாக இருந்தபோதே இந்தக் குழல்தான் இருந்திருக்கிறது. குழலை மாற்றியது மாமனாரே. "கீறலு எண்ணெ போடக் கழட்டினதாத்தான் இருக்கும். அவசரப்பட்டுட்டேம்மா" என்றார்.

"நாலு பேர் முன்னாடி அதையும் சொல்லுங்க" என்றேன். கவிதாவிடம் நான் சொல்லிப் பார்த்தாயிற்று. "நீ அப்பாவுக்குப் பரிஞ்சு பேசற, அந்த சாரே வந்து சொல்லட்டும்" என்றுவிட்டாள். சார் வருகிறேன் என்றார். பிறகு வெயில் என்றார். கால் வீங்கியிருக்கிறது என்றார். அதே காலோடு ஆவடியில் யாரோ ஒருவரின் துப்பாக்கியைப் பார்க்கப் போய்வந்தார். கடைசியில் என் போனையே எடுக்கவில்லை. அடுத்தவர் வீட்டு மானத்தை அவிழ்த்துப் போடுகிறபோது இல்லாத கூச்சம், தன் தப்பைச் சொல்ல மட்டும் வந்துவிட்டது. அவரை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனதால் மன்னித்துவிட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அவர் கண் கூர்மையானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, எதையும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிற அந்தக் கல்நெஞ்சைத்தான். அவர் போனில் பிடித்த அந்தப் படத்தை அவர் மகனிடம் கேட்டு வாங்கி இந்தப் பக்கத்தில் போடச் சொல்லி உங்களிடம் கேட்டிருக்கிறேன். தணிகாசலம் சார் தப்பாகச் சொன்னார். தப்பு என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு செத்தார். கவிதா, உன் அப்பா உன் தலைமேல் பொய்ச் சத்தியம் செய்யவில்லை. இந்த வருடம் திதிக்கு வா.