அப்பாவின் பார் இருந்த புள்ளி

கடலுக்கடியில் மீன் அடையும் பாறைத்திட்டைத் திரேஸ்புரத்தில் பார் என்போம். தன் பார் இருக்கும் இடத்தை யாரும் பக்கத்து வள்ளத்துக்காரரிடம்கூடச் சொல்லமாட்டார்கள். துறைமுக விரிவாக்கத்தில் அவை அழியாமலிருக்க இணைய வரைபடத்தில் ஏற்ற வேண்டுமென்று நான்தான் வீடுவீடாகக் கெஞ்சினேன். அப்பா முதல் ஆளாகத் தன்னுடையதைச் சொன்னார். புள்ளியைத் தொட்டால் ஆழமும் மீனும் விரியும்படி செய்தேன். ஊர்க்கூட்டத்தில் காட்டியதும் ஒரே கைதட்டல். அந்த வேகத்தில் இணைப்பை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டேன். விசைப்படகுக்காரர்களும் அவற்றில் இருந்தார்கள்.

ஒரே வாரத்தில் தரையோடு அரிக்கும் இழுவைமடி வலை போட்டு அப்பாவின் பாரையே வழித்தெடுத்துவிட்டார்கள். வெறும் வலையோடு கரையேறிய அப்பா கேட்டார்: "ஏளா, இப்பம் தொட்டா என்ன மீனு காட்டுது?"

வரைபடத்தை அன்றே அழித்தேன். அவர்களுடைய ஜிபிஎஸ்ஸில் ஏறிவிட்ட புள்ளிகளை என்ன செய்ய?