ஜமுனா அக்கா தாமதிக்கவில்லை

பொய் சொன்னேன். தவறு என் நிரலில் இருந்தது. பழியை ஒரு பெண்ணின் விரல்மேல் போட்டேன். அவருடைய கடை பறிபோயிற்று. இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... கேட்டுவிட்டு என்னைத் தேற்ற வேண்டாம்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் லைனிங் துணியும் ஜாக்கெட் பிட்டும் விற்றவர் ஜமுனா அக்கா. கணவர் போனபின் அந்தக் கடைதான் அவருக்கு எல்லாம். அந்த வளாகத்துக் கடைகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகைக்கு ஏலம் விடுவார்கள். ஒவ்வொரு முறையும் உள்குத்து என்று சண்டை வரும். அதனால் வளாகத்தின் செயலாளர், ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என்னைத் தேடி வந்தார். யாரும் கைவைக்க முடியாத ஏலம் வேண்டுமாம். பிளாக்செயினில் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதிக் கொடுத்தேன். ஏற்றிவிட்டால் எழுதியவளாலும் திருத்த முடியாத நிரல் அது. எவ்வளவு கர்வம் எனக்கு!

“வெள்ளிக்கிழமை பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்மா. அது முடிஞ்சு அஞ்சு நிமிஷம் குடுங்க. அப்பதான் எல்லாரும் கேப்பாங்க,” என்றார் செயலாளர். கொடுத்தேன்.

அந்த நிரலுக்கென்று கடிகாரம் கிடையாது. ஏலம் கேட்பவர்கள் அனுப்புவதெல்லாம் கட்டுக் கட்டாகச் சேரும். ஒவ்வொரு கட்டையும் முடிக்கும் கணினி, எங்கோ ஒரு தேசத்தில் இருப்பது, அதன்மேல் ஒரு நேரத்தைக் குத்தும். நிரலுக்கு அதுதான் நேரம். நீங்கள் பொத்தானை அழுத்திய நொடி அதற்குத் தெரியாது.

இது எனக்குத் தெரியும்... நன்றாகவே தெரியும்! ஆனாலும் திரையில், அவரவர் கைப்பேசிக் கடிகாரத்தைப் பார்த்து நொடிகள் குறைவதுபோல் அமைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. கொஞ்சம் முன்பின்னானால் யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

ராகு காலம் முடியும்வரை ஒருவரும் கைப்பேசியைத் தொடவில்லை. பிறகு அத்தனை பேரும் முண்டியடித்தார்கள். ஜமுனா அக்கா கடைசிவரை பொறுத்திருந்து, எல்லோரையும்விடக் கூடுதலாகக் கேட்டு, பொத்தானை அழுத்தினார். அப்போது திரையில் இன்னும் சில நொடிகள் மிச்சமிருந்தன. பக்கத்தில் நின்று என் கண்ணால் பார்த்தேன். அவர் கேட்டது அடுத்த கட்டில் போய் விழுந்தது. அதன்மேல் குத்தியிருந்த நேரமோ கெடுவைத் தாண்டியிருந்தது. நிரல் அவரைத் தள்ளிவிட்டது. கடை வேறொருவருக்குப் போயிற்று.

“இன்னும் நேரம் இருந்துச்சே... நீங்களும் பாத்தீங்களேம்மா?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. என் நிரலில் கோளாறு, மறுபடி ஏலம் விடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் போதும். சொன்னேனா?

“இல்லக்கா. டைம் முடிஞ்சப்புறம்தான் அழுத்துனீங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயமா? பயம்கூட இல்லை... அத்தனை வியாபாரிகள் முன்னால் அசடு வழிய மனமில்லை. அவ்வளவுதான். சீ!

பிறகு பக்கத்து வளாகத்துக்கு எழுதிய நிரலில், கெடுவுக்குக் கொஞ்சம் முன்பே திரை மூடிக்கொள்ளும்படி சத்தமில்லாமல் மாற்றினேன். நன்றாக இருக்கிறதென்று பாராட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினால், ஜன்னலோரம் ஜமுனா அக்கா. நகர்ந்து இடம் கொடுத்தார். இப்போது திருவானைக்காவலில் வீட்டிலேயே தைக்கிறாராம். சண்டை வரும்போதெல்லாம் மகன், “உன் மெத்தனத்தாலதானே கடை போச்சு” என்று குத்திக்காட்டுகிறானாம். பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது.

“ஒண்ணு கேக்கட்டுமாம்மா? நிஜமாவே நான் லேட்டா? தப்பா நினைச்சுக்காதீங்க. தெரிஞ்சுக்கிட்டா மனசு அடங்கிடும்.”

பாருங்கள்... எனக்கு இன்னொரு வாய்ப்பு! வியாபாரிகள் இல்லை, செயலாளர் இல்லை, சீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

“ஆமாக்கா,” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இத்தனை நாளா மனசுக்குள்ள உங்களைத்தாம்மா சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். மன்னிச்சுக்குங்க.”

மன்னித்துவிட்டதாகத் தலையாட்டினேன்.