எல் சைஸ் வயிறு

ஒரு காலத்தில் என் உடம்புக்கென்று தனியாக ஓர் உத்தியோகம் இருந்தது. எனக்கு இருந்த உத்தியோகம் வேறு. திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். என் உடம்புக்கு இருந்த உத்தியோகம் அதைவிடப் பெரியது. அது எல் சைஸாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசி அது. ஊரில் எக்ஸ்போர்ட் சூடு பிடித்திருந்தது. எங்களிடம் பனியன் வாங்க வந்த ஜெர்மனிக்காரப் பையர் ஒருவர் அனுப்பிய அளவுக்கு முதல் சாம்பிள் தைத்தானதும், போட்டுப் பார்க்க ஆள் தேடிய முதலாளியின் கண்ணில் நான் பட்டேன். பனியனை மாட்டிக்கொண்டு நின்றேன். முதலாளி என்னைச் சுற்றி வந்தார்.

“இதென்றா இது, அச்சுல ஊத்தி எடுத்தாப்புல இருக்குது!”

அன்றிலிருந்து எல் சைஸ் சாம்பிள் எது வந்தாலும் என் மேல்தான் ஏறும். பையர் வரும்போது நான் கைகளை விரித்து நிற்பேன். அவர் என்னைத் திருப்புவார், தோளில் துணியைக் கிள்ளிப் பார்ப்பார், “குட்” என்பார். பனியனைத்தான் சொன்னார் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் என் அப்பா கூட என்னை அப்படிச் சொன்னதில்லை. பவர் டேபிளில் தைக்கிற பெண்கள் எனக்குச் ‘சாம்பிள் சார்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சிக்கல் என் மற்ற உத்தியோகத்திலிருந்து வந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே பிறப்பதில்லை. நூல் ஓரிடத்தில் துணியாகும், இன்னோரிடத்தில் வெளுக்கும், அருள்புரத்துப் பக்கம் சாயம் ஏறும், பிறகு காலண்டரிங்கில் தேய்ந்து மடிந்து வரும். அதன் பின்னாலேயே டிவிஎஸ் வண்டியில் போய், “ஆச்சுங்களா?” என்று கேட்பதுதான் என் வேலை. எங்கே போய்க் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “ஆகுதுங்க, சித்த உக்காருங்க.” உட்கார்ந்தால் டீ வரும். டீ தனியாக வராது. துணி பின்னுகிற நிட்டிங்கில் போண்டா, சாயப்பட்டறையில் பருப்பு வடை, திரும்பும் வழியில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்தப் பட்டறையையும் சேராத, ஆனால் மணத்தாலேயே என் வண்டியை நிறுத்திவிடுகிற பரோட்டா. ஒவ்வொரு இடத்திலும் துணி எடையில் கொஞ்சம் குறையும். அதற்கு ப்ராசஸ் லாஸ் என்று பெயர். அந்த லாஸ் எங்கே போகிறது என்று முதலாளி அடிக்கடி கவலைப்படுவார். என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எனக்கு மட்டும் தெரியவில்லை. அதற்குப் பனியன் துணிதான் காரணம். மற்ற ஊர்க்காரர்களுக்குச் சட்டைப் பொத்தான் எச்சரிக்கை கொடுக்கும். நான் வீட்டில் பனியன், வெளியே கம்பெனி டீ-சர்ட், இடுப்பில் வேட்டி. பனியன் துணி பெரிய மனசுக்காரத் துணி. நீ எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் கூடவே வளரும்.

அந்த வருஷம் முதலாளி ஒரு குண்டைப் போட்டார். பையர் ஊரில் துணிக் கண்காட்சி, கம்பெனியிலிருந்து இரண்டு பேர் விமானத்தில் போகிறோம், ஒருவர் அவர். “இன்னொருத்தன் நீதான் கண்ணு. சாம்பிளப் போட்டுக் காட்டுனாப்புலயும் ஆச்சு, மூட்டை தூக்குனாப்புலயும் ஆச்சு. பாஸ்போர்ட் எடுத்துப்போடு.”

எடுத்தேன். எடுத்ததோடு நிற்காமல் எங்கள் வீதி முழுக்கச் சொன்னேன். பால் ஊற்றுகிறவரிடம், மளிகைக் கடையில், முடிவெட்டுகிற இடத்தில், கேட்காதவர்களிடமும் சொன்னேன். அதுவரை நான் ஆகாயத்துக்கு மிக அருகில் போனது பழனி மலை மேல்தான்.

கண்காட்சிக்கு முன்னால் பையர் நேரில் வந்து பார்ப்பதற்காகப் புது சாம்பிள் ஒன்று தைத்தார் கட்டிங் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அகலமான தோள், அதற்குக் கீழே வயிறு என்று ஒன்று இல்லவே இல்லை. எனக்கு மாட்டிவிட்டார். தலை நுழைந்தது, தோள் நுழைந்தது, அதற்கப்புறம் பனியன் யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

“மூச்ச உள்ள இழுத்துக்கிடுங்க, அண்ணாச்சி.”

“இழுத்துட்டுத்தான் இருக்கேனுங்க மாஸ்டர்.”

“அப்போ இது மூச்சு இல்ல.”

டேபிளில் தையல் நின்றது. மெஷின் நின்றால் என்ன சத்தம் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பெண்கள் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்கும். முதலாளி வந்து என் வயிற்றை, சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்த துணியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“பையர் வாரதுக்குள்ள இதக் கொறைச்சுப்போடு கண்ணு. இல்லாட்டி மாஸ்டரத்தான் கூட்டிட்டுப் போகோணும். எனக்கு வேற வழி இல்ல.”

அன்று சாயந்தரமே வீட்டில் அறிவித்தேன்: இனிமேல் பலகாரம் இல்லை, எண்ணெய் இல்லை, ராத்திரிக்குச் சோறு இல்லை. மனைவி மூலனூர்க்காரி, கஞ்சத்தனம் அறியாத கை. “கொள்ளு உண்டா எளைச்சுப் போவீங்க” என்று கொள்ளைக் கடைந்து வைத்தாள். வெறும் கொள்ளை யாரால் தின்ன முடியும்? கொஞ்சம் சோறு. வெறும் சோற்றில் கொள்ளு இறங்குமா? ஒரு கரண்டி நல்லெண்ணெய். அன்று ராத்திரிச் சோறு உண்ணாமல் இருப்பதற்காக நான் மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

வெளியே நிலைமை இன்னும் மோசம். சாயப்பட்டறைக்காரர் வடைத் தட்டை நீட்டினார்.

“வேண்டாமுங்க.”

“ஒண்ணே ஒண்ணுங்க.”

“இல்லீங்க, வயித்தக் கொறைக்கோணும்.”

தட்டைக் கீழே வைத்துவிட்டு, உடைந்த குரலில் கேட்டார்: “ஏனுங்க, எங்கூட்டு வடை ஆகாதுங்களா?”

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி வந்துவிட்டால் முடிந்தது. இதற்கு ‘ஆகாது’ என்று பதில் சொன்னவன் அதற்கப்புறம் அந்தப் பட்டறையில் ஒரு முழம் துணி நனைக்க முடியாது. நான் தின்றேன். துக்கத்தோடு தின்றேன். துக்கத்தோடு தின்றால் உடம்பில் ஒட்டாது என்று நினைத்தேன், ஒட்டியது.

கடைசியில் காலண்டரிங் பட்டறை வைத்திருந்த பாயிடம் போய் அழுதேன். பாய் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், என் சிநேகிதர், பார்க்கிற எல்லோருக்கும் சோறு போட்டே பழகியவர். ஆனால் அது ரம்ஜான் மாதம். அவரே பகலில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார், ஆகவே இந்த ஊரிலேயே எனக்குப் பாதுகாப்பான இடம் அதுதான் என்று கணக்குப் போட்டேன்.

அங்கே துணி ரோல் நிறுக்கிற தராசு உண்டு. ஏறி நின்றேன். தராசுக்காரர் துணிக்குக் கூவுகிற அதே குரலில் என் எடையைக் கூவினார். உள்ளே மெஷினருகில் இருந்த பாய் திரும்பிப் பார்க்காமலே கத்தினார்: “ஏம்ப்பா, காயாத துணியத் தூக்கி வெச்சுட்டியா?”

நானும் நோன்பிருக்க முடிவு செய்தேன். முறைப்படி இல்லை, மத்தியானச் சோற்றை மட்டும் விட்டுவிட்டு, பொழுது சாயும்போது சரியாகப் பாய் பட்டறையில் போய் நிற்பேன். பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வந்திருக்கும். கூடவே வெங்காய சமோசா, பேரீச்சம்பழம், வாழைப்பழம். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள் ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகத் தொழப் போவார்கள். நான் தொழப் போகிறவனில்லை. தட்டும் நானும்தான் மிச்சம்.

பாய் ஒருநாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “நானும் சின்ன வயசுலருந்து நோன்பு வெக்கறேன் மாப்ள. நோன்பே வெக்காம இவ்வளவு நல்லா நோன்பு தொறக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்.”

“வயிறு கொறையவே மாட்டீங்குது பாய். பையர் வந்துருவான். வீதிக்கே தெரியும் நான் ஏரோப்ளேன்ல போறேன்னு. எங்க மாமனார் வழியனுப்ப வாரேன்னு சொல்லிட்டாருங்க.”

பாய் சமோசாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “கவலப்படாதீங்க. அந்த சாம்பிள் துணி இங்கதான வருது? நான் பாத்து விடறேன். உங்களுக்கு ராசியா இருக்கும்.”

என்ன பார்த்து விடுவார் என்று நான் கேட்கவில்லை. வாய் நிறையச் சமோசா.

பையரிடம் காட்டப் போகிற கடைசிச் சாம்பிளுக்குப் புதுத் துணி வந்தது, மாஸ்டர் மறுபடி தைத்தார், நான் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினேன். பனியன் வழுக்கிக்கொண்டு இறங்கியது. தோளில் சரி, மார்பில் சரி, வயிற்றில் துணி தொட்டும் தொடாமலும் நின்றது. முதலாளி கை தட்டினார். பெண்கள் கை தட்டினார்கள். மாஸ்டர் மட்டும் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சி” என்று முடித்துக்கொண்டார்.

கொள்ளு ஜெயித்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இளைத்த உடம்புக்குத் தெம்பு வேண்டாமா என்று மனைவி சந்தகை பிழிந்து தேங்காய்ப் பால் ஊற்றினாள். அதற்கடுத்து ரம்ஜான் பெருநாள். பாய் வீட்டில் பிரியாணி. நெஞ்சில் பாரம் இல்லாமல், எதையும் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் தின்ற பிரியாணி அது. பெருநாளுக்கு மறுநாளும் தின்றேன். மறுநாள் பிரியாணி பெருநாள் பிரியாணியைவிட ருசி என்பதை அறியாதவர்கள் மேல் எனக்கு இன்றும் இரக்கம் உண்டு.

அந்த வாரமே பையர் வந்தார். நான் பனியனுக்குள் நின்றேன். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் நின்றேன். அவர் திருப்பினார், கிள்ளினார், “குட்” என்றார். நான் அப்போதே ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து அவர் பனியனைக் கழற்றச் சொல்லி, மேஜையில் விரித்து, டேப் வைத்தார். புருவம் ஏறியது. சொன்ன அளவைவிட மார்பு அகலம். துவைத்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. பனியன் துணி குழாய் போல வரும். பக்கவாட்டில் தையல் கிடையாது. அந்தக் குழாயின் அகலம்தான் பனியனின் மார்பு. காலண்டரிங்கில் அதை ஆவியில் காட்டி இழுத்துப் பிடித்தால் ஓரிரண்டு இஞ்ச் அகலமாகவே நிற்கும். ஒரு தடவை தண்ணீரைப் பார்த்ததும் தன் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

பனியன் துவைத்துக் காய்ந்து வந்தது. எனக்கு மாட்டினார்கள். மாட்டுகிற அந்த வேலையை மாஸ்டரும் இன்னும் இருவரும் சேர்ந்து செய்தார்கள். தொப்புளுக்கு மேலேயே பனியன் நின்றுவிட்டது. அதற்குக் கீழே நான் வெளியே இருந்தேன்.

பையர் கெட்டவரில்லை. என் வயிற்றை மெல்லத் தட்டி, சிநேகமாகக் கேட்டார்: “பியர்?”

“நோ சார்,” என்றார் முதலாளி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. “வடை.”

பிறகு அதே பனியனை மாஸ்டர் போட்டுக் காட்டினார். அச்சில் ஊற்றி எடுத்தது போல இருந்தது.

நான் நேராகப் பாயிடம் போனேன். அவர் ஒளிக்கவே இல்லை. “நான்தான் மாப்ள இழுத்து விட்டேன். நீங்க அழுததப் பாக்க முடியல. அந்த ஆள் தொவைப்பான்னு யாருக்குத் தெரியும்? நம்ம ஊர்ல சாம்பிளப் போட்டுப் பாத்துட்டுக் குடுத்துருவாங்க, தொவைக்கவா செய்வாங்க?” சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடு, “ஒரு டீயாவது குடிங்க” என்றார். குடித்தேன். கூட ஒரு பன் பட்டர். என்னைக் கெடுத்தவர்களில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

வீட்டில் மாமனார் மூலனூரிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காயோடு வழியனுப்ப வந்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முருங்கைக்காய்க் கட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, “போச்சாதுங்க மாப்ள, விடுங்க, அந்த ஊர்ல சோறே கெடைக்காதாமா” என்றார். மனைவி அடுப்படிக்குப் போனாள். அரிசிம்பருப்புச் சோறாக்கி, நடுவில் குழி பறித்து நெய் ஊற்றினாள். இளைக்க வேண்டிய அவசியம் இனி இல்லை என்பதை இதைவிட மென்மையாக யாராலும் சொல்ல முடியாது.

வீதியில் மட்டும் பல நாள் தலை காட்ட முடியவில்லை. “இன்னும் கெளம்பலீங்களா?” என்று பால்காரர் கேட்டபோதெல்லாம் விசா, விசா என்று ஏதோ முனகினேன்.

மாஸ்டர் போய்விட்டு வந்தார். எனக்கு அவர் மேல் கோபமில்லை. வந்த அன்றே என்னைத் தேடி வந்து, டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊர் எப்படி, குளிர் எப்படி என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் “ஆமா, இருந்துச்சு” என்ற பதில்தான். ஏரோப்ளேன் எப்படி என்றேன்.

“காது அடைச்சுட்டு. அப்புறம் ஒரு தட்டு தந்தாவ, அண்ணாச்சி. மூடி போட்டு, சின்னச் சின்னக் கிண்ணமா. ரொட்டி, வெண்ணெ, ஏதோ கறி, ஒரு கேக்கு. எனக்கு அந்த வாடையே ஒத்துக்கிடல. தொறந்து பாத்துட்டு அப்படியே மூடித் திருப்பிக் குடுத்துட்டேன்.”

நான் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தேன்.

“மொத்தத்தையுமா?”

“ஆமா.”

“வரும்போது?”

“வரும்போதும் தந்தாவ. வேண்டாம்னுட்டேன்.”

வேண்டாம் என்று அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! ஜெர்மனி போனால் போகட்டும், மேகம் போனால் போகட்டும். என் பெயரைச் சொல்லி ஆகாயத்தில் அத்தனை தூரம் வந்த தட்டு, திறந்த மேனிக்கு மூடப்பட்டு, யாரும் தொடாமல் திரும்பிப் போயிருக்கிறது. அதுவும் இரண்டு தடவை.

“அந்தக் கேக்கு என்ன கலருங்க மாஸ்டர்?”

அவர் டீயை உறிஞ்சியபடி ரொம்ப நேரம் யோசித்தார். அவருக்கு ஞாபகமில்லை.