அரிக்கன் லாம்பும் வாயுத் தாங்கியும்

நான் படித்தது இரசாயனப் பொறியியல் என்றதும் முரசுமோட்டைக் கிராமத்தில், "வயலுக்கு அடிக்கிற மருந்து செய்யிற படிப்போ?" என்று கேட்பார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். கழிவென்று கொட்டுவதற்குள் இன்னும் என்ன பயன் கிடக்கிறதென்று பார்த்து எடுக்கிற படிப்பு அது. அங்குள்ள அரிசி ஆலையில் நெல் ஊறிய தண்ணீர் வாய்க்காலில் விழுந்து நாறிக்கொண்டிருந்தது. அதை நிலத்துக்குள் தொட்டிபோலக் கட்டிய தாங்கியில் அடைத்துப் புளிக்கவிட்டேன். வந்த வாயுவில் ஆலைக் குசினி அடுப்பு எரிந்தது, மிஞ்சிய நீர் வயலுக்குப் போனது. பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது.

ஒரு காலை, வாயு குறைந்துவிட்டதென்று ஆலையிலிருந்து அழைத்தார்கள். அடியில் மண்டி சேர்ந்திருக்கும், வந்து பார்க்கிறேன் என்றேன். கிளிநொச்சியிலிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கினால், தாங்கியின் மூடி திறந்து கிடக்கிறது. பக்கத்தில் ஏணியும் மண்டி அள்ள வாளியும். ஆலையில் வேலை செய்யும் அண்ணை ஒருவர், எரிகிற அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் ஊர்க் கிணறுகளில் இறங்கித் துப்புரவாக்குகிறவர். பழங்கிணற்றுக்குள் முதலில் விளக்கை இறக்குவார்கள். அணைந்தால் கெட்ட காற்று, இறங்கமாட்டார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் இந்தத் தாங்கிக்குள் இருப்பது தீப்பிடிக்கிற வாயு. கத்தினால் திடுக்கிட்டு லாம்பைத் தவறவிடுவார். கத்தாவிட்டால் அவரே இறக்கிவிடுவார்.

"அண்ணை, லாம்போட மெல்ல இஞ்சால வாங்கோ." என்று கத்தாமல் சொன்னேன்.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. அணைஞ்சால் நான் இறங்கமாட்டன்."

நான் அழத் தொடங்கியதைக் கண்டுதான் லாம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பத்திருபது அடி தூரமும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. ஆலை வாசல் படலைக்கு வெளியே கொண்டுபோய் அணைத்தோம். விளக்கு அணைந்திருக்காது, தாங்கியே வெடித்திருக்கும் என்றேன். உள்ளே மூச்சுவிடக் காற்றில்லை, விளக்கில்லாமல் இறங்கியிருந்தாலும் ஏறி வந்திருக்கமாட்டீர்கள் என்றும் சொன்னேன். அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

பிறகு கோபமே இல்லாமல் கேட்டார்.

"தாங்கி கட்டேக்க, இது மூடின கிணறு மாதிரித்தான் எண்டு நீங்கள்தானே பிள்ளை சொன்னனீங்கள்?"

ஓம், நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் லேசாக விளங்கட்டும் என்று சொன்னேன். அவர் அதை நம்பி, கவனமாகத்தான் விளக்கைக் கொண்டுவந்திருக்கிறார்.