ஒரு மகளுக்காக அடைத்த ஜன்னல்கள்

தொண்ணூறுகளில் சூலூரில் ஒரு விசைத்தறி ஷெட்டில் எனக்கு இரவு ஷிப்ட். காலையில் வீட்டுக்கு வந்து படுத்தாலும் தலைக்குள் தறி ஓடிக்கொண்டேயிருக்கும். சனியன், சம்பளமில்லாமல் ஓடும் தறி. கணவர் பகல் ஷிப்டுக்குக் கிளம்பியதும், கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நானும் கண்ணயர்வேன்.

ஒரு நாள் யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பக்கத்து வீட்டு அக்கா. என் தலைமாட்டுத் தொட்டிலில் மகள் அழுதழுது முகம் சிவந்து, குரல் கம்மிக் கிடந்தாள்.

“ஏனம்மணி, புள்ள கத்தறது தெருமுக்கு வரைக்கும் கேக்குது. உனக்குக் கேக்கலையா?”

கேட்கவில்லை. மகளை வாரியெடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலையே முதலாளியிடம் போனேன். ஷெட்டை ஒட்டித்தான் அவர் வீடு.

“ஏனுங்க, காது அடைச்சுப் போச்சுங்க. புள்ள அழுகறதே கேக்க மாட்டேங்குது. காதுக்கு மாட்டறதுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுங்க.”

“வேஸ்ட் நூலு கெடக்குதல்ல, எடுத்துச் சொருகிக்க கண்ணு. போகப் போகப் பழகிப்போயிரும்.”

கெட்ட மனுஷன் இல்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பவர். அதனாலேயே அவர் சொன்னபடி வேஸ்ட் நூலைக் காதில் சொருகிக்கொண்டு தறிக்குப் போனேன்.

அடுத்த மாதம் கொத்தனார் வந்தார். முதலாளியின் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. தறிச் சத்தத்தில் படிக்க முடியவில்லையாம். ஷெட்டில் அவர் வீட்டைப் பார்த்திருந்த ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார்கள். அடேயப்பா! அந்தப் பக்கம் போக வழியில்லாத சத்தம் முழுக்க எங்கள் மேலேயே விழுந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. மறுபடியும் போய் நின்றேன்.

“உங்க பொண்ணுக்குச் செஞ்சாப்ல எங்களுக்கும் ஏதாச்சும் செய்யுங்க.”

“அது பரிச்சைக்கு, அம்மணி. ரெண்டு மாசந்தான்.”

பரீட்சை முடிந்தது. ஜன்னல்கள் அப்படியேதான் இருந்தன. அந்தப் பெண் நல்ல மார்க் வாங்கினாள் என்று முதலாளி எங்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தார். வாங்கித் தின்றேன். வேறென்ன செய்ய? வேலையை விட்டால் அடுப்பெரியாது.

தொட்டில் துணியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு படுக்க ஆரம்பித்தேன். மகள் கைகாலை உதைத்தால் கயிறு இழுக்கும், எழுந்துகொள்வேன்.

கொஞ்ச நாளில் அவளுக்கும் விவரம் வந்துவிட்டது. பசித்தால் அழுவதில்லை. சத்தமில்லாமல் கயிற்றைப் பிடித்து இழுக்கப் பழகிக்கொண்டாள்.