கண்ணாடிக் கூண்டில் இரண்டு பேர்

இது உண்மையாகவே நடந்தது. வெளிநாட்டில், அம்மன் கோயில் இருக்கிற ஊன்ட்றொப் என்ற ஊரின் பக்கத்துத் தொழிற்பேட்டையில், போன வருடம் தேர்த் திருவிழா நடந்த ஞாயிற்றுக்கிழமை, விமலநாதனுக்கு நடந்தது. கதை கட்டுகிற ஆள் அவர் இல்லை. சீட்டாடும்போது நல்ல கை வந்தால் முகமெல்லாம் சிரிப்பாகி எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிடுகிற மனிதர் அவர். பேய் என்றால் நடுச்சாமம்தான் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று நல்ல வெயில் எறித்த மத்தியானம்.

விமலநாதன் ஒரு தரவு மையத்தில் காவலாளி. ஜன்னலே இல்லாத பெரிய மண்டபம், வரிசை வரிசையாகக் கணினிகள், காது கிழியும் விசிறிச் சத்தம். உள்ளே நின்று பேசுவதென்றால் கத்தத்தான் வேண்டும். அங்கே காவலுக்கு என்று செயற்கை நுண்ணறிவைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். எல்லாக் கமராக்களையும் அதுதான் பார்க்கும். முகத்தை மூடிக்கொண்டு போனாலும் நடையை வைத்து ஆள் யாரென்று சொல்லிவிடும். வெளியிலிருந்து இணையம் வழியாக யாராவது கை வைத்தால் அதையும் பிடிக்கும். விமலநாதன் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார். எங்கே திரும்பினாலும் பார்த்துக்கொண்டிருக்குமாம்.

மண்டபத்துக்குள் போகவும் வரவும் ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. ஒரு கதவால் நுழைந்ததும் அது பூட்டிக்கொள்ளும். கூண்டுக்குள் ஒரே ஓர் ஆள்தான் நிற்கிறார் என்று மாமியார் எண்ணிப் பார்த்த பிறகுதான் மற்றக் கதவு திறக்கும். ஒருவரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு இன்னொருவர் போக வழியே இல்லை.

அன்று ஊர்ச் சனம் முழுக்க அம்மன் தேருக்குப் போயிருந்தது. விமலநாதனால் போக முடியவில்லை. அவருடைய அண்ணன் அரியரத்தினம் மாரடைப்பில் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு இன்னும் முடியவில்லை, அதுவரை வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. அண்ணனும் அதே கட்டடத்தில் பல வருடம் காவலுக்கு நின்றவர்தான். அவர் உட்கார்ந்த கதிரையில்தான் இவர் அன்று தனியாக உட்கார்ந்திருந்தார்.

கட்டடத்தில் இன்னும் ஒரே ஒருத்திதான் இருந்தாள். தேஜஸ்வினி. கோயம்புத்தூர்ப் பிள்ளை, கணினிகளைப் பராமரிக்கும் இன்ஜினியர். காலையில் உள்ளே போகும்போது கூண்டுக்கு முன்னால் நின்று பேசிவிட்டுத்தான் போனாள்.

"என்னண்ணா, நீங்க ஃபெஸ்டிவலுக்குப் போகலையா?"

"துடக்கு தங்கச்சி, கோயிலுக்குப் போகேலாது. அதுதான் மற்ற ஆளின்ர வேலையையும் நான் எடுத்தனான்."

அவள் முகம் வாடிப்போனது. சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவர் அவளை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

பன்னிரண்டு நாற்பதுக்குத் திரை சிவந்தது. எவனோ கள்ளன் இணையம் வழியாக மண்டபத்தின் காற்றுக் கட்டுப்பாட்டுக்குள் புகுந்துவிட்டான். தீப்பிடிக்காமல் இருக்க அந்த மண்டபத்துக்குள் கொஞ்சம் நைதரசன் வாயு விடுவார்கள். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அளவு மிஞ்சினால் மனிதன் நின்ற இடத்திலேயே விழுவான். மாமியார் கள்ளனின் தொடர்பை அறுத்து, குழாயை மூடி, கதவுகளைப் பூட்டியது. காவலாளிக்காகக் கூண்டை மட்டும் விட்டுவைத்தது.

திரையின் மூலையில் ஒரு வரி. மண்டபத்துக்குள் ஆட்கள்: 0.

விமலநாதன் அந்த வரியை மறுபடி வாசித்தார். தேஜஸ்வினி வெளியே வரவில்லை. அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். கமராக்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். கணினி அடுக்குகள்தான் தெரிந்தன. அப்போது உள்தொலைபேசி அடித்தது. மண்டபத்திலிருந்து.

"அண்ணா... டோர் ஓப்பன் ஆகலை."

"தங்கச்சி! பயப்பிடாதேங்கோ. அவசரக் கதவு இருக்கெல்லோ, அதைத் தள்ளுங்கோ!"

"தள்ளுறேன்ணா... கையில எதுவும் பட மாட்டேங்குது."

தொடர்பு அறுந்தது. மயக்கத்தில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தார். தீயணைப்புப் படைக்கு அடித்தார். வருகிறோம், வீதி முழுக்கத் தேர்ச் சனம், கொஞ்சம் பிந்தும் என்றார்கள். அவசரக் கதவுக்கு வெளிப்பக்கம் கைபிடி கிடையாது. இனிக் கூண்டு ஒன்றுதான் வழி. முகமூடி இல்லை, ஒன்றும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் அவளை இழுத்துவந்துவிடலாம் என்று அந்த மனிதர் நம்பினார். அந்தப் பிள்ளையின் தாய்க்கு யார் பதில் சொல்வது என்ற ஒரே நினைப்புத்தான். ஓடும்போதுதான் ஒன்று உறைத்தது. அவள் கத்தவே இல்லை. அவள் குரலுக்குப் பின்னால் விசிறிச் சத்தமும் இல்லை.

கூண்டுக்குள் பாய்ந்தார். பின்னால் கதவு பூட்டிக்கொண்டது. முன் கதவு திறக்கவில்லை. அதற்கு மேலே சின்னத் திரையில் சிவப்பு எழுத்து.

ஆட்கள்: 2.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. மேற்சட்டையைக் கழற்றித் தரையில் போட்டார். தொப்பியையும் போட்டார். ஆடாமல் அசையாமல் நின்றார்.

ஆட்கள்: 2.

இடது தோள் சில்லிட்டது. அந்தப் பக்கம் மட்டும்... யாரோ பக்கத்தில் ஒட்டி நிற்பதைப் போல.

துடக்கு வீட்டுக்காரனுக்கு அந்த நேரத்தில் வேறு யார் நினைவுக்கு வருவார்? விமலநாதன் இடது பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அண்ணை... நீங்களோ?"

எண் இரண்டிலேயே நின்றது.

"விடுங்கோ அண்ணை. உள்ளுக்கை ஒரு பிள்ளை சாகுது. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அந்தியேட்டியை ஒரு குறையும் இல்லாமல் செய்யிறன். இப்ப என்னை விடுங்கோ!"

கண்ணாடியைக் குத்தினார். உதைத்தார். குழந்தையைப் போல அழுதார். கை கிழிந்து ரத்தம் வந்தது. எண் மாறவில்லை.

டொக்... டொக்... டொக்...

அவர் குத்தவில்லை. சத்தம் முதுகுப் பக்கம், அவர் நுழைந்துவந்த கதவில் கேட்டது. வெளியே யாரும் இல்லை. தட்டுவது... கூண்டுக்கு உள்ளேயிருந்து.

இடுப்பில் இருந்த ரேடியோ கரகரத்தது.

"நகருங்கண்ணா..."

அவர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார்.

"வழி விடுங்கண்ணா... ப்ளீஸ்..."

டொக்... டொக்...

அதற்கு மேல் அவரால் ஏலவில்லை. பின்வாங்கும் பொத்தானை அடித்தார். வந்த கதவு திறந்தது. வெளியே தரையில் விழுந்தார்.

கதவு மறுபடி பூட்டிக்கொண்டது.

கூண்டு வெறுமை.

ஆட்கள்: 1.

பச்சை விளக்கு எரிந்தது. யாரோ முறைப்படி வெளியே வருவதைப் போல, கதவு மெல்லத் திறந்தது.

குளிர்ந்த காற்று அவர் முகத்தைத் தாண்டிப் போனது. ஆள் நடந்தால் மட்டும் எரியும் நடைபாதை விளக்குகள் ஒன்று... அடுத்தது... அடுத்தது... என்று வாசல் வரை எரிந்தன.

தீயணைப்புப் படை வந்தபோது மாமியாரின் கணக்கில் மண்டபத்துக்குள் ஆளே இல்லை. விமலநாதன் அவர்களுடைய கால்களைப் பிடித்துக்கொண்டு கதறியதால்தான் அவசரக் கதவை உடைத்தார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், கமராக் கண் படாத மூலையில் தேஜஸ்வினி கிடந்தாள். உடம்பு ஏற்கெனவே குளிர்ந்திருந்தது.

கள்ளன் புகுந்தது பன்னிரண்டு நாற்பதுக்கு அல்ல. அதற்கு வெகு முன்பே. அளவு காட்டும் கருவியைப் பொய் சொல்ல வைத்திருந்தான், மாமியாரும் ஏமாந்துபோயிற்று. பதினொன்றரைக்கு முன்பே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். விமலநாதனோடு அவள் தொலைபேசியில் பேசியது பன்னிரண்டு நாற்பதுக்குப் பிறகு.

அந்த வார நடுவில், மாமியாரைக் கட்டியமைத்த நிறுவனத்திலிருந்து சேஷாத்ரி என்பவர் வந்தார். சென்னைக்காரர். கூண்டின் கமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். ஒவ்வோர் ஆளைச் சுற்றியும் மாமியார் ஒரு பச்சைக் கட்டம் போட்டு, மேலே பெயரும் எழுதும். விமலநாதனைச் சுற்றி ஒரு கட்டம். அவருடைய இடது தோளோடு ஒட்டி, வெறும் காற்றில், இன்னொரு கட்டம். அண்ணனின் பெயரைத்தான் எதிர்பார்த்து அவர் கண்ணை மூடித் திறந்தார்.

தேஜஸ்வினி என்று இருந்தது. போகும் திசை: வெளியே.

"சார், இதுக்கு எங்ககிட்ட எந்த எக்ஸ்பிளனேஷனும் இல்ல," என்றார் சேஷாத்ரி.

"பிறகு எங்கை போகுது? காட்டுங்கோ," என்றார் விமலநாதன்.

அந்தக் கட்டம் நடைபாதையைத் தாண்டியது. வாசலைத் தாண்டியது. வாகனத் தரிப்பிடத்தில் நின்றிருந்த ஒரு நீலக் காருக்குப் பக்கத்தில் போய், பின்கதவுக்கு நேராக நின்று, மறைந்தது. அதற்குப் பிறகு எந்தக் கமராவிலும் அது இல்லை.

நீலக் கார் விமலநாதனுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் அதில்தான் வீட்டுக்குப் போனார்.