மாப்பிள்ளை மரம்

ரசலையனுக்கு எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பத் தெரியாது. வடசேரிச் சந்தையில் தேங்காயைத் தட்டுவார், பானையைத் தட்டுவார். அது எல்லோரும் செய்கிற காரியம்தான். இவரோ சட்டைக்குப் பித்தான் வாங்கினால்கூடக் கடித்துப் பார்ப்பார். கோயிலில் போதகர் கல்யாண அறிக்கை வாசித்தால், "அப்படியா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார். மற்றபடி நல்ல மனிதர். வடசேரியில் அவருக்கு ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. சுற்றுவட்டாரத்துச் சபைகளில் ஆர்மோனியமோ பிடிலோ உடைந்தால் அங்கேதான் வரும்.

அந்தப் பட்டறையில் அவரோடு பதினெட்டு வருஷமாக வேலை செய்தவர் கிளீட்டஸ். கடற்கரை முட்டத்துக்காரர், மீன்பிடி வள்ளம் கட்டிப் பழகிய கை. அவர் இழைத்த பலகையில் விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ரசலையன் அதையும் மட்டச் சட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். கிளீட்டஸ் சிரித்துக்கொண்டே நிற்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில், சபையின் பாட்டுக் குழுவை நடத்திய ஞானதாசன் வாத்தியார் ஒரு மேசைப் பலகையோடு வந்தார். மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா ஊருக்குக் கப்பலேறுவதற்கு முன்னால் அதையும், உடைந்துபோன தன் கிதாரையும் அவரிடம் கொடுத்திருந்தாள்.

"அந்தக் கிதார் அளவுக்குப் புதுசா ஒண்ணு செய்யணும். பக்கத்துக்கெல்லாம் பலா போதும். முதுகுக்கு மட்டும் இந்த மேசை மரம். சத்தம் தெளிவா வருமாம். மேப்பிளுன்னு பேரு."

"என்ன பிள்ளை?" என்றார் ரசலையன்.

"மாப்பிள்ளையாம்" என்று உள்ளேயிருந்து சிரித்தாள் அவர் மனைவி ராகேல். அன்று முதல் அது மாப்பிள்ளை மரம்.

மாப்பிள்ளையை ரசலையனுக்குப் பிடிக்கவில்லை. வெளுத்துப்போன நிறம். மோந்து பார்த்தார், வாசனை இல்லை. ஆஞ்சிலியையும் தேக்கையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இது வாயே திறக்கவில்லை. விரல் முட்டியால் தட்டினால் மட்டும் மணிபோலப் பேசியது. அந்தச் சத்தம் அவ்வளவு நன்றாக இருந்ததே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

கிளீட்டஸ் அந்தப் பலகையைப் புத்தகம் விரித்ததுபோல, முதுகின் இரண்டு பாதிக்கும் இரண்டு தகடாக அறுத்தார். இரண்டையும் இழைத்து வைத்தார். ரசலையன் ஒரு தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். குறுக்கே வரிவரியாக அலை. சாய்க்கச் சாய்க்க அது நகர்ந்தது. இழைப்புளியின் அலகு தடதடத்தால் பலகையில் இப்படித்தான் வரி விழும்.

"என்னலே இது? அலகு சரியில்லியா?"

"அது மரத்துக்குள்ள உள்ளது அண்ணாச்சி. தடவிப் பாருங்க, மட்டமாத்தான் இருக்கு."

"மரத்துக்குள்ள அலை கெடக்குமா? முட்டத்துக்காரனுக்குக் கண்டதெல்லாம் கடலு."

இருவரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரசலையன் தடவிப் பார்த்தார். கண்ணாடிபோல இருந்தது. மெழுகைத் தேய்த்து மறைத்திருப்பானோ என்று தோன்றியது. போன வாரம் கோட்டாற்றுத் தச்சுப் பட்டறைக்காரன் பொன்னுலிங்கத்தோடு கிளீட்டஸ் சாயாக் கடையில் நின்று பேசியது அப்போது நினைவுக்கு வந்தது. வந்து உட்கார்ந்துகொண்டது.

இழைப்புளியைத் தானே எடுத்தார். அந்தத் தகட்டை இழைத்தார், தூசியை ஊதினார், சாய்த்தார். அலை இருந்தது. மறுபடி இழைத்தார். மறுபடியும் இருந்தது. மத்தியானத்துக்குள் தகடு பனையோலைபோல வளைந்தது, அலை மட்டும் அப்படியே கிடந்தது. அப்போதாவது அவருக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"பொன்னுலிங்கம் சொல்லித்தானே இந்த மரத்தக் கெடுத்த?"

கிளீட்டஸ் எழுந்தார். தன் இழைப்புளியைத் தோர்த்துத் துண்டில் சுற்றினார், சட்டையை மாட்டினார். பதினெட்டு வருஷமாகச் சாயங்காலம் கிளம்பும்போது "வாறேன்" என்று சொல்லிப் போகிறவர், அன்று வாசலில் நின்று "போறேன் அண்ணாச்சி" என்றார்.

ராகேலுக்கு அது கேட்டது. "மரத்துக்குள்ள அலை இல்லன்னா, பலகைய அறுத்த மிச்சத் துண்டப் பொளந்து பாக்க வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு மனுசன வெரட்டுதிய?"

"பாருட்டி, அவன் சொன்ன பொய் இப்பத் தெரியும்" என்று ரசலையன் வெட்டுகத்தியை எடுத்தார். உளியோ இழைப்புளியோ படாத மிச்சத் துண்டை நட்டுவைத்து ஒரே போடு. துண்டு இரண்டாகப் பிளந்தது. பிளந்த முகத்தில் கட்டைவிரலை ஓட்டினார். மேடும் பள்ளமுமாக அலை. எந்த அலகும் தொடாத இடத்தில், மரம் தானாக வளர்த்துக்கொண்ட அலை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலையில் அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு முட்டத்துக்குப் பஸ் ஏறினார். கிளீட்டஸ் கரையில் ஒரு வள்ளத்துக்குப் பலகை பொருத்திக்கொண்டிருந்தார். ரசலையன் துண்டை நீட்டினார்.

"நீ சொன்னதுதான் சரி, மக்கா. பொளந்து பாத்துட்டேன். மரத்துக்குள்ளதான் இருக்கு. வா, போவோம்."

கிளீட்டஸ் துண்டை வாங்கித் தடவினார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"மரத்தப் பொளந்து பாத்து நம்பிட்டிய. இனி ஒரு தடவ சந்தேகம் வந்தா என்னைய எங்க பொளப்பிய அண்ணாச்சி?"

சாயா வாங்கிக் கொடுத்து, பஸ் வரும்வரை கூடவே நின்று ஏற்றிவிட்டார். கோபமாக நாலு வார்த்தை பேசியிருந்தால் ரசலையனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. பொன்னுலிங்கத்தின் பட்டறைக்கும் கிளீட்டஸ் போகவில்லை. கடைசிவரை வள்ளம்தான் கட்டினார்.

இழைத்துக் கெடுத்த தகடு எதற்கும் உதவவில்லை. அதன் இடத்தில் பலாவை வைத்து ரசலையன் கிதாரை முடித்தார். முதுகில் ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி மஞ்சள். முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ராஜையன் என்ற சபைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன ஓய், ரெண்டு நிறம்?"

ரசலையன் வெள்ளைப் பாதியைத் தொட்டுக் காட்டினார்.

"இது கிளீட்டஸ் இழைச்சது. அந்தப் பக்கத்து மரத்த நான் சந்தேகப்பட்டுத் தேச்சே தீத்துட்டேன்."